கூட்டு ஆய்வில் கேள்வி யாருடையது?

இந்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பணம் வரும் வழியை மாற்றியமைக்க 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அதன்படி உருவானது. 2023 முதல் 2028 வரையிலான ஐந்தாண்டுக்கு அறிவிக்கப்பட்ட தொகை 50,000 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி. மீதி 36,000 கோடியும் தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், கொடையாளர்கள் ஆகியோரிடமிருந்து வர வேண்டும். உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காட்டை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாட்டில் இவ்வளவு தனியார் பணம் எங்கிருந்து வரும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் வந்தால் எந்த நிபந்தனையோடு வரும் என்பது அதைவிடக் கனமான கேள்வி. அதைக் கேட்டவர்கள் குறைவு. பல்கலைக்கழகமும் கம்பெனியும் கைகோத்துச் செய்த ஆய்வுகளில் கெடுதல் நேர்ந்த இடங்களை நாடு நாடாகப் பார்த்துக்கொண்டு போனால், ஆய்வுக்கூடத்தில் நடந்த தில்லுமுல்லுகள் குறைவாகவே அகப்படுகின்றன. எதை ஆராய்வது, கிடைத்ததை யார் எப்போது சொல்லலாம் என்று முடிவான நாளிலேயே, முதல் சோதனைக்குழாய் கழுவப்படும் முன்பே, பெரும்பாலான கெடுதல்கள் நடந்து முடிந்திருக்கின்றன.

இதைச் சொன்னதும், தொழில் துறையின் பணமே தீட்டு என்ற பழைய வாதம் திரும்பி வருவதாகத் தோன்றலாம். அந்த வாதத்துக்கு எதிரான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் எம்.கே. பான் குழுவினர் பச்சிளம் குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸ் வகையைக் கண்டார்கள். அது தொற்றியிருந்தும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்த வகைதான் பின்னாளில் ரோட்டாவாக் தடுப்பு மருந்தானது. இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், பாத் என்ற தொண்டு அமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் என்று பலரும் அதில் சேர்ந்தார்கள். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 6,799 குழந்தைகளிடம் பரிசோதனை நடந்தது. வேலூரில் அதை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. ஒரு டோஸ் ஒரு டாலர் விலையில் தருவதாகக் கம்பெனி முன்கூட்டியே வாக்களித்திருந்தது. லாபம் பார்க்கும் நிறுவனம் உள்ளே இல்லாவிட்டால் இந்த மருந்து ஓர் ஆய்வேட்டின் அட்டைக்குள் முடங்கியிருக்கும். ஆனால் இங்கே கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏழை வீட்டுக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் சாவது ஏன் என்ற கேள்வி அரசு மருத்துவமனையில் பிறந்தது. கம்பெனி வந்து சேர்ந்தபோது கேள்வியும் பாதி விடையும் பொதுப் பணத்தில் உருவாகியிருந்தன. விலையைப் பற்றிப் பேரம் பேசும் வலு பொதுத் தரப்புக்கு இருந்தது அதனால்தான்.

சென்னை ஐஐடியில் 1990-களில் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி முறையும் இந்த ரகம். கம்பி இழுக்கும் செலவில்லாமல் கிராமத்துக்குத் தொலைபேசி கொண்டுபோக வேண்டும் என்பது அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சக பேராசிரியர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி. மைடாஸ், அனலாக் டிவைசஸ் ஆகிய நிறுவனங்கள் அதற்குப் பிறகே கூட்டாளிகளாயின. 2010-இல் தரமணியில் எழுந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் பிடிக்கும் கம்பெனிகள் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் கூட்டாக வேலை செய்து மதிப்புப் புள்ளி சேர்க்க வேண்டும் என்று வைத்த விதியும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான். வாடகைக் கட்டடமாக அது சுருங்கிவிடாமல் காப்பது அந்த விதி.

இனி மறுபக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மருந்தியல் பேராசிரியரான பெட்டி டாங், தைராய்டு குறைபாட்டுக்கான சிந்திராய்டு மாத்திரையை மலிவான மாற்று மாத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வை 1980-களின் இறுதியில் ஏற்றுக்கொண்டார். பணம் தந்தது சிந்திராய்டைத் தயாரித்த கம்பெனி. தன் மாத்திரைதான் உயர்ந்தது என்று முடிவு வரும் என அது எதிர்பார்த்தது. ஒப்பிட்ட நான்கு மாத்திரைகளும் ஒன்றுக்கொன்று சமம் என்று முடிவு வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, 1995 ஜனவரியில் வெளியிடத் தயாராக இருந்தது. கம்பெனியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியிட மாட்டேன் என்ற வரி டாங் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. வழக்கு வந்தால் துணை நிற்க இயலாது என்று பல்கலைக்கழகம் கைவிரித்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. செய்தி பத்திரிகையில் அம்பலமாகிக் கண்டனம் கிளம்பிய பிறகு, 1997 ஏப்ரலில்தான் அது அச்சானது. அதுவரை லட்சக்கணக்கான நோயாளிகள் விலை கூடிய மாத்திரையையே விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே யாரும் தரவைத் திருத்தவில்லை, யாரும் பொய் எழுதவில்லை. ஒப்பந்தத்தின் ஒற்றை வரி போதுமானதாக இருந்தது.

டொரோண்டோவின் நான்சி ஒலிவியேரி விவகாரம் இதைவிடச் சிக்கலானது, அதனாலேயே கூடுதலாகக் கற்றுக்கொடுப்பது. தலசீமியா நோயாளிகளின் உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை அபோடெக்ஸ் கம்பெனியின் பணத்தில் அவர் பரிசோதித்தார். கனடா அரசின் மருத்துவ ஆய்வு மன்றமும் பல்கலைக்கழக-தொழில்துறைக் கூட்டுத் திட்டத்தின் கீழ் அதற்கு உதவியது. சில நோயாளிகளிடம் மருந்து போதிய பலன் தரவில்லை என்று கண்டு, அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். 1996 மே மாதம் கம்பெனி பரிசோதனையை நிறுத்தியது. ரகசியக் காப்பு விதியைக் காட்டி வழக்குப் போடுவதாக எச்சரித்தது. அதே காலத்தில் டொரோண்டோ பல்கலைக்கழகம் அபோடெக்ஸிடமிருந்து பெரும் நன்கொடை ஒன்றை எதிர்பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. ஒலிவியேரி 1998-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். 2001-இல் வெளியான சுயேச்சையான விசாரணை அறிக்கை அவர் பக்கம் நின்றது. அந்த மருந்து பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆக, மருந்தைப் பற்றிய அவரது கணிப்பு முழுக்கச் சரியா என்பது தனி விவாதம். ஒரு மருத்துவர் தான் கண்ட அபாயத்தைத் தன் நோயாளியிடம் சொல்லலாமா என்பதை மருந்து விற்பவர் தீர்மானிக்கும் நிலை வந்ததுதான் விபரீதம். அரசுப் பணம் கலந்திருந்தும் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுப் பணம் தன் நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதாமல் வெறுமனே பக்கத்தில் நின்றால் அதனால் பயனில்லை.

இவை இரண்டும் விதிவிலக்குகள், ஆயிரம் ஆய்வுகளில் இரண்டு கெட்டுப்போனதை வைத்து மொத்தத்தையும் எடைபோடலாமா என்று கேட்கலாம். எடைபோட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். டேவிட் புளூமெந்தல் குழு அமெரிக்காவின் உயிர் அறிவியல் பேராசிரியர்கள் 2,167 பேரிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒரு முறையாவது தன் முடிவை ஆறு மாதத்துக்கு மேல் வெளியிடாமல் தாமதித்ததாக ஒப்புக்கொண்டார். மருந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2017 மதிப்பாய்வு இன்னும் முக்கியமானது. கம்பெனிப் பணத்தில் நடந்த ஆய்வுகள் கம்பெனிக்குச் சாதகமான முடிவுக்கு வருவது மற்றவற்றைவிட அதிகம் என்று அது உறுதி செய்தது. ஆனால் வழக்கமான அளவுகோல்களால் பார்த்தால் அந்த ஆய்வுகளின் செய்முறைத் தரம் மற்றவற்றுக்குக் குறைந்ததாக இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒரே விளக்கம்: கோணல் வேறெங்கோ இருக்கிறது. புது மருந்தை எதனோடு ஒப்பிடுவது, எந்த அளவில் கொடுத்து ஒப்பிடுவது, எத்தனை மாதம் பார்ப்பது, எந்த முடிவை அச்சுக்கு அனுப்பாமல் மேசை இழுப்பறையில் வைப்பது என்பவை எல்லாம் செய்முறைக்கு முன்னும் பின்னும் எடுக்கப்படும் முடிவுகள். நேர்மையான விஞ்ஞானி, குறையில்லாத கணக்கு, ஆனால் விற்பவருக்கு வசதியான கேள்வி. கட்டுரையின் அடியில் யார் பணம் தந்தார்கள் என்று ஒரு வரி போட்டால் போதும் என்ற இன்றைய நடைமுறை இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

எப்போதும் இப்படி அப்பட்டமாக நடக்கும் என்றும் சொல்ல முடியாது. பெர்க்லியின் தாவர, நுண்ணுயிர் உயிரியல் துறை 1998-இல் நோவார்டிஸ் கம்பெனியோடு ஐந்து ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஒரு முழுத் துறையே ஒரு கம்பெனியோடு கைகோத்ததால் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. துறையின் கண்டுபிடிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பு கம்பெனிக்கு; நிதியைப் பங்கிடும் ஐவர் குழுவில் இரண்டு இடம் கம்பெனிக்கு. 2004-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அதை ஆராய்ந்தபோது, அஞ்சிய அளவுக்கு நேரடித் தலையீடு எதுவும் தென்படவில்லை. கம்பெனிக்கும் பெரிய லாபம் இல்லை. ஆனாலும் ஒரு முழுத் துறையை இப்படி ஒப்படைக்கும் ஏற்பாடு இனி வேண்டாம் என்றே அவர்கள் பரிந்துரைத்தார்கள். ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்த இக்னாசியோ சபேலாவுக்கு 2003-இல் நிரந்தரப் பணி மறுக்கப்பட்டதும், பிறகு 2005-இல் வழங்கப்பட்டதும் இதோடு சேர்ந்த கதை. பெர்க்லி தரும் பாடம் சற்று மந்தமானது, அதனால் எளிதில் மறக்கப்படுவது. பணம் நேரடியாக எதையும் கெடுக்காதபோதும், யார் எதைச் சொன்னாலும் அதன் பின்னே பணம் இருக்குமோ என்ற சந்தேகம் வளாகத்தில் குடியேறிவிடுகிறது. (நாட்டிங்காம் பல்கலைக்கழகம் 2000-இல் பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவிடமிருந்து 38 லட்சம் பவுண்டு வாங்கி மையம் அமைத்தபோது, மையத்தின் பாடப்பொருள் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு! பிரிட்டிஷ் மருத்துவ இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித் அங்கே வகித்த பேராசிரியர் பொறுப்பை விட்டு விலகினார்.)

கூட்டாளி கம்பெனியாக இல்லாமல் ஓர் ஊராகவோ பழங்குடியாகவோ இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது வலியவர் பல்கலைக்கழகம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள் தங்களிடையே பரவிய நீரிழிவுக்குக் காரணம் தேடி, 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தம் அவர்களைக் கேட்காமல் மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. தங்கள் தோற்றம் பற்றி அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையையே அது மறுத்தது. வழக்கு நடந்து, 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் இழப்பீடு தந்து, மீதி ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. இங்கேயும் பிழை ஆய்வுக்கூடத்தில் இல்லை. கேள்வியை மாற்றும்போது கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை.

நமக்கு அருகில் அகத்திய மலையில் நடந்தது கொஞ்சம் நல்ல கதை, ஆனால் முழுதும் நல்ல கதை இல்லை. 1987-இல் திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் காட்டில் நடந்தபோது, வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒரு காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை. புஷ்பாங்கதன் தலைமையிலான குழு அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு ராயல்டி. இரண்டிலும் பாதியைக் காணிக்காரர்களுக்குத் தர நிறுவனம் தானே முடிவு செய்தது. அவர்களுக்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடி அறிவுக்கு வருமானத்தில் பங்கு தந்த முன்மாதிரி என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். ஆனால் உரிம ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இடையில்தான்; காணிக்காரர்கள் அதில் கையெழுத்திட்ட தரப்பு இல்லை. பங்கு கிடைத்தது உரிமையால் அல்ல, விஞ்ஞானிகளின் நல்ல மனத்தால். அந்தச் செடியைப் பயிரிடவும் காட்டிலிருந்து எடுக்கவும் வனத்துறை தடை சொன்னபோது மூலப்பொருளுக்கே தட்டுப்பாடு வந்தது. ஒப்பந்த மேசையில் வனத்துறையும் இல்லை, காணிக்காரர்களும் இல்லை என்பதன் விலை அது. பின்னாளில் 2002-இல் வந்த உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. 2023-இன் திருத்தம் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் விலக்கு அளித்து அதைக் கொஞ்சம் தளர்த்தியது.

ஊர் மக்களே கேள்வியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் நகரின் குடிநீர் ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. தண்ணீர் நிறம் மாறுகிறது, தோலில் தடிப்பு வருகிறது என்று மக்கள் சொன்னபோது அதிகாரிகள் எல்லாம் சரியாக இருப்பதாகச் சாதித்தார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு தேசிய அறிவியல் அறக்கட்டளையின் சிறிய அவசர நல்கையோடு மாதிரிக் குப்பிகளை அனுப்பியது. குடும்பங்கள் தாங்களே தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து அனுப்பின. ஈயம் கலந்திருப்பது 2015 செப்டம்பரில் வெளியானது; அக்டோபரில் குடிநீர் பழைய மூலத்துக்கு மாறியது. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் 1970-களிலேயே இதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடு செய்திருந்தன. பணமில்லாத சங்கங்கள் தங்கள் கேள்வியோடு வந்தால், மாணவர்கள் அதைப் பாடத்தின் பகுதியாக ஆராய்ந்து தருவார்கள். அறிவியல் கடை என்று அதற்குப் பெயர். நம் ஊரில் 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் பல்கலைக்கழகங்களைக் கிராமங்களோடு இணைக்கச் சொல்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் கல்லூரி கிராமத்தைத் தத்தெடுக்கிறது என்ற நினைப்பு அதில் தூக்கலாக இருக்கிறது. கிராமம் கேள்வி கேட்க, கல்லூரி விடை தேடிப் போகும் திசை இன்னும் பழகவில்லை.

இதற்கெல்லாம் வரக்கூடிய மறுப்புகளில் மூன்று கனமானவை. முதலாவது, அரசுப் பணத்துக்கும் நிபந்தனை உண்டு, அதுவும் கேள்வியை வளைக்கும் என்பது. முழு உண்மை. ஃபிளிண்டில் தவறிழைத்ததே அரசு இயந்திரம்தான். அந்த ஆய்வு நடக்க முடிந்ததற்குக் காரணம், மிச்சிகன் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத வேறொரு பொது நிதி இருந்தது. ஆகவே பணம் பல வாசல்களில் வர வேண்டும். எந்த ஒரு வாசலும் மற்றவற்றை மூடும் உரிமை பெறக் கூடாது. இரண்டாவது, போட்டிச் சந்தையில் ரகசியம் காக்காத பல்கலைக்கழகத்தோடு எந்தக் கம்பெனி சேரும் என்பது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டு மூன்று மாத அவகாசம் கேட்பதில் தவறில்லை. நடைமுறையில் பல பல்கலைக்கழகங்கள் அதைத் தருகின்றன. பிரிட்டனில் 2005 முதல் லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள் புழக்கத்தில் இருக்கின்றன, வெளியீட்டைக் குறிப்பிட்ட காலம் தள்ளிவைக்க அவை இடம் தருகின்றன. அதனால் அங்கே கம்பெனிகள் ஓடிவிடவில்லை. தாமதம் ஒன்று, தடை வேறொன்று. மூன்றாவது மறுப்பு ஊர் அமைப்புகளைப் பற்றியது: அவற்றுக்கும் சொந்தச் சாய்வு உண்டு, தாம் விரும்பும் விடையை அவையும் எதிர்பார்க்கும் என்பது. ஃபிளிண்டிலேயே பின்னாளில் விஞ்ஞானிக்கும் சில போராட்டக்காரர்களுக்கும் கசப்பு முற்றி அவதூறு வழக்குவரை போனது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் கம்பெனிக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்க முடியாது. ஆய்வு முடிவு பிடிக்காத கம்பெனிக்கு அதை நிறுத்தும் வழக்கறிஞர் இருக்கிறார். ஊருக்கு அப்படி ஒருவர் இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் முயற்சிகளில் ஆஸ்திரேலியாவின் இணைப்புத் திட்டம் கவனிக்கத் தக்கது. அங்கே ஆய்வு மன்றம் ஆண்டுக்கு 50,000 முதல் 3 லட்சம் டாலர் வரை நல்கை தரும். வெளிக் கூட்டாளியும் ஈடாகப் பங்களிக்க வேண்டும். அந்தப் பங்கு முழுவதும் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊழியர் நேரம், தரவு, இடவசதி ஆகியவற்றையும் கணக்கில் கொள்வார்கள். சிறு தொண்டு அமைப்புகளுக்குப் பணப் பங்களிப்பிலிருந்து விலக்கு உண்டு. உரிமைகள் பற்றிய ஒப்பந்தம் முடிந்த பிறகே வேலை தொடங்க முடியும். இந்தியாவில் 2015-இல் வந்த உச்சதர் ஆவிஷ்கார் யோஜனா தொழிற்சாலைகளிடமிருந்து 25 விழுக்காடு பணம் கேட்டது, மீதியை அரசு ஏற்றது. மீனவர் கூட்டுறவுச் சங்கமோ நெசவாளர் சங்கமோ அந்த 25 விழுக்காட்டைக் கொண்டுவந்து கதவைத் தட்டும் வழி அதில் இல்லை. தொழில் என்ற சொல்லுக்குள் அவர்களும் அடங்குவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ரோட்டாவாக்கையே எடுத்துக்கொண்டால், இத்தனை நல்ல அமைப்பிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொள்ளும் அரிய பாதிப்பு பற்றிய மையவாரியான தரவை, குறிப்பாக வேலூர் மையத்தின் தரவை, தனியே வெளியிட வேண்டும் என்று பொதுநல வழக்கு நீதிமன்றம் போனது. மையவாரியாகப் பிரித்தால் எண்ணிக்கை சிறிதாகிப் புள்ளியியல்படி பொருளற்றதாகும் என்பது ஆய்வாளர் தரப்பு. அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரவை யார் பார்க்கலாம் என்று தொடக்கத்திலேயே எழுதி ஊரறிய வைத்திருந்தால், வழக்குக்கு அவசியம் இருந்திருக்காது. நம் பல்கலைக்கழகங்கள் கம்பெனிகளோடு கையெழுத்திடும் ஒப்பந்தங்கள் புகைப்படமாக மட்டுமே வெளியே வருகின்றன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று துறையின் சக பேராசிரியருக்கே தெரிவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு வணிக ரகசியத்துக்கு விலக்கு தருகிறது, பெரிய பொதுநலன் இருந்தால் அந்த விலக்கு நீங்கும் என்றும் சொல்கிறது. அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொது அமைப்புகள் கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பணம் ஒரு ரூபாயாவது சேரும் ஒவ்வொரு கூட்டு ஆய்விலும் மூன்று வரிகளை இந்த 4-ஆம் பிரிவின் கீழ் வைக்க முடியும்: கேள்வியை வகுத்தவர் யார், முடிவை வெளியிட எவ்வளவு காலம் தாமதிக்கலாம், ஆய்வை நடுவில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு. சூத்திரமும் செய்முறையும் கம்பெனியின் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும். 36,000 கோடியில் எவ்வளவு வந்து சேரும் என்பது நம் கையில் இல்லை. இந்த மூன்று வரிகளைக் கட்டாயமாக்கும் விதியை எழுதுவதோ அறக்கட்டளையின் கையிலேயே இருக்கிறது, அதற்குப் பத்துப் பைசா செலவில்லை.